பாக்டீரியா கேஸ்டெர்மின் நெசமாவே ஓட்டை போடுதான்னு காட்டறது எப்படி

ஃபேஜ் வைரஸ் உள்ள நுழைஞ்சதும் சில பாக்டீரியா செல்லுங்க தன்னோட சவ்வுலயே ஓட்டை போட்டுக்கிட்டு செத்துப்போகும், வைரஸால பெருக முடியாது, சுத்தி இருக்கற சொந்தக்கார செல்லுங்க தப்பிச்சுக்கும். அந்த ஓட்டையைப் போடற மாதிரி ஒரு புரோட்டீன் உங்க கையில மாட்டியிருக்குன்னு வைங்க, ஜீனை கண்டுபிடிச்சாச்சு, பார்த்தா கேஸ்டெர்மின்ங்கற துளை போடற புரோட்டீன் குடும்பம் மாதிரி இருக்கு, அடுத்து என்ன பண்றதுன்னு தெரியாம நிறைய ஸ்டூடன்ட்ஸ் இங்கதான் நிக்கறாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

முதல்ல ஒண்ணை மனசுல பதிய வச்சுக்கோங்க. இங்க மூணு தனித்தனி கேள்வி இருக்கு. இந்த ஜீன் இருந்தா ஃபேஜ்கிட்டேர்ந்து பாதுகாப்பு கிடைக்குதா? கிடைக்குதுன்னா, புது ஃபேஜ் தயாராகறதுக்கு முன்னாடியே செல் சாகுதா? சாகுதுன்னா, அந்த சாவுக்கு காரணம் இந்த புரோட்டீன் போட்ட ஓட்டைதானா, இல்ல வேற ஏதாவதா? முதல் கேள்விக்கு மட்டும் டேட்டா எடுத்துட்டு மூணுக்கும் சேர்த்து முடிவு எழுதறதுதான் இந்த ஃபீல்டுல நான் அதிகமா பார்க்கற கோளாறு. செல் செத்துச்சுங்கறதால ஓட்டை விழுந்துச்சுன்னு ஆகாது, டியூப்ல ஓட்டை போட்டுச்சுங்கறதால செல்லுக்குள்ள அதுதான் காப்பாத்துச்சுன்னும் ஆகாது.

பின்னணி கொஞ்சம் தெரிஞ்சாதான் எக்ஸ்பெரிமென்ட் ஏன் இப்படின்னு புரியும். மனுஷ செல்லுல கேஸ்டெர்மின் டி-ங்கற புரோட்டீன்தான் பைரோப்டோசிஸ்ங்கற சாவை நடத்துதுன்னு 2015-ல தெரிய வந்துச்சு. காஸ்பேஸ்ங்கற வெட்டற என்சைம் வந்து அதை வெட்டும், தடுத்து வச்சிருக்கற சி-டெர்மினல் (பின் நுனிப்பக்க) பாதி கழண்டுக்கும், என்-டெர்மினல் (முன் நுனிப்பக்க) பாதி சவ்வுல போய் வளையமா கூடி துளை போடும். 2022-ல ஃபிலிப் கிரான்சுஷ் குரூப்பும் ரோட்டெம் சோரெக் குரூப்பும் சேர்ந்து இதே குடும்பம் பாக்டீரியாவுலயும் இருக்குன்னு சயின்ஸ் இதழ்ல காட்டினாங்க. பிராடிரைசோபியம், விட்டியோசாஞ்சியம், ருனெல்லா மாதிரி பாக்டீரியாவுல பக்கத்து ஜீனா ஒரு காஸ்பேஸ் மாதிரி புரோட்டியேஸ் (புரோட்டீனை வெட்டற என்சைம்) உக்காந்திருக்கும், அது கேஸ்டெர்மினோட சி-டெர்மினல் நுனியில ஒரு சின்ன துண்டை வெட்டிவிடும், அவ்வளவுதான், துளை கூட ஆரம்பிச்சிடும். மனுஷனுக்கு ஒரு முழு டொமெய்னே பூட்டா இருக்கு, இங்க சுமார் 20 அமினோ அமிலம் இருக்கற ஒரு வாலே போதும். அதுக்கு மேல என்-டெர்மினல் பக்கம் ஒரு சிஸ்டீன்ங்கற அமினோ அமிலத்துல பால்மிடேட்ங்கற கொழுப்பு அமிலம் ஒட்டி புரோட்டீனுக்குள்ள புதைஞ்சிருக்கு, அது தூங்கற நிலையை உறுதியா பிடிச்சு வைக்குது. இந்த வாலும் அந்த சிஸ்டீனும் கீழ பல இடத்துல வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

சரி, ஜீனை தேடறதுலேர்ந்து ஆரம்பிப்போம். வெறும் சீக்வன்ஸை பிளாஸ்ட்ல (சீக்வன்ஸ் ஒற்றுமை தேடற டூல்) போட்டா பாக்டீரியா கேஸ்டெர்மின் அவ்வளவு சுலபமா மாட்டாது, மனுஷ புரோட்டீனோட ஒற்றுமை ரொம்ப கம்மி. வடிவத்தை வச்சு தேடுங்க. ஆல்ஃபாஃபோல்ட்ல வடிவ மாடல் எடுத்து, வடிவத்தை ஒப்பிடற ஃபோல்ட்சீக்லயோ டாலிலயோ போட்டு பாருங்க, நடுவுல முறுக்கின பீட்டா ஷீட், சுத்தி ஹெலிக்ஸ், சவ்வுக்குள்ள நுழையப்போற பகுதிங்க மடங்கி கிடக்கற அமைப்பு, இதெல்லாம் வருதான்னு கவனிங்க. அப்புறம் அக்கம்பக்க ஜீனை பாருங்க, என்னைக் கேட்டா இதுதான் வடிவத்தை விட பெரிய தடயம். பக்கத்துல புரோட்டியேஸ் இருக்கா, அதுக்கு பக்கத்துல ஃபேஜை மோப்பம் பிடிக்கற மாதிரி பெரிய புரோட்டீன் இருக்கா, சுத்துவட்டாரத்துல ரெஸ்ட்ரிக்ஷன் சிஸ்டம், சிபாஸ் மாதிரி வேற பாதுகாப்பு ஜீனுங்க கூட்டமா இருக்கா? பாதுகாப்பு ஜீனை தேடற டிஃபென்ஸ்ஃபைண்டர், பேட்லாக் டூல் ரெண்டும் இதுக்கு உதவும். ஒரு கேஸ்டெர்மின் ஜீனை மட்டும் தனியா வெட்டி எடுத்துக்கிட்டு வந்துடாதீங்க, ஆப்பரான் (ஒண்ணா ஆன் ஆகற அந்த ஜீன் வரிசை) முழுசா வேணும், புரோட்டியேஸ் இல்லாத கேஸ்டெர்மின் சும்மா தூங்கிட்டு இருக்கும்.

அடுத்து குளோனிங். ஈ.கோலைக்குள்ள ரெண்டு விதமா வைக்கணும். ஒண்ணு, ஆப்பரானை அதோட சொந்த புரோமோட்டர்லயோ ரொம்ப மெதுவான புரோமோட்டர்லயோ வச்சு, ஃபேஜ் சோதனைக்கு. இன்னொண்ணு, அராபினோஸ் குடுத்தா மட்டும் ஆன் ஆகற புரோமோட்டர்ல, விஷத்தன்மை சோதனைக்கு. ரெண்டாவதுக்கு குளுக்கோஸ் போட்ட மீடியத்துல வளர்த்து முழுசா அடக்கி வைங்க, அராபினோஸை சாப்பிட்டு தீர்த்துடாத ஸ்ட்ரெய்னா எடுத்துக்கோங்க. இதுல செய்ய வேண்டிய ஆளுங்க: முழு ஆப்பரான், வெறும் பிளாஸ்மிட், புரோட்டியேஸோட வெட்டற சிஸ்டீனை அலனின் ஆக்கினது, கேஸ்டெர்மின் இல்லாதது, வெட்டற இடத்தை மாத்தினது, அப்புறம் வெட்டற இடத்துலயே ஸ்டாப் கோடான் வச்சு வாலே இல்லாம பிறக்கற கேஸ்டெர்மின். கடைசியா சொன்னது புரோட்டியேஸ் உதவி இல்லாமலே செல்லை கொல்லணும், முழு நீள கேஸ்டெர்மின் மட்டும் தனியா இருந்தா கொல்லக்கூடாது, இந்த வித்தியாசம் வந்தாதான் வால்தான் பூட்டுன்னு சொல்ல முடியும்.

விஷ புரோட்டீனை குளோன் பண்ணும்போது பாக்டீரியா சும்மா இருக்காது, புரோமோட்டர்ல, ஜீன்ல எங்கயாவது மியூட்டேஷன் வந்து விஷத்தை முடக்கின செல்லுங்கதான் கடைசியில கலனியா வளரும். அதனால பிளாஸ்மிட் முழுசையும் சீக்வன்ஸ் பண்ணுங்க, ஜீனை மட்டும் பண்ணினா பத்தாது. டேக் (புரோட்டீனை அடையாளம் காண ஒட்டற சின்ன துண்டு) விஷயத்துலயும் கவனம் வேணும். சி-டெர்மினல்ல டேக் வச்சா அது பூட்டா இருக்கற வாலோட ஒட்டிக்கிட்டு இருக்கும், வெட்டினதும் வாலோட போயிடும், வெஸ்டர்ன் பிளாட்ல துளை போடற துண்டு கண்ணுக்கே தெரியாது. என்-டெர்மினல்ல வச்சா பால்மிடேட் ஒட்டற சிஸ்டீனுக்கு இடைஞ்சல். எங்க வச்சாலும் டேக் இருக்கறப்பவும் பாதுகாப்பு குறையலன்னு ஃபேஜ் சோதனையில காட்டிட்டுத்தான் மேல போகணும்.

இப்ப ஃபேஜ் சோதனை. டி4, டி5, டி7, லாம்டா, பி1 மாதிரி ஒண்ணுக்கொண்ணு நெருங்கின உறவில்லாத பல ஃபேஜை எடுங்க, ஏன்னா இந்த சிஸ்டமெல்லாம் எல்லா ஃபேஜையும் தடுக்காது, ஒரு சிலதைத்தான் தடுக்கும். டாப் அகார்ல பாக்டீரியாவை கலந்து பிளேட்ல ஊத்தி, ஃபேஜை பத்து பத்தா டைல்யூட் பண்ணி சொட்டு சொட்டா வைங்க, கன்ட்ரோல் லான்ல (பிளேட்ல படர்ந்த பாக்டீரியா படலம்) எத்தனை பிளேக் (ஃபேஜ் செல்லை அழிச்ச தெளிவான புள்ளி), உங்க லான்ல எத்தனைன்னு எண்ணுங்க. இங்க ஒரு பொறி இருக்கு: கெட்டியான சொட்டுல லான் தெளிஞ்சிருந்தா ஃபேஜ் வளர்ந்துடுச்சுன்னு முடிவு கட்டாதீங்க, ஒரே செல்லுல ஏகப்பட்ட ஃபேஜ் ஒட்டினா உள்ள பெருகாமலே வெளியிலேர்ந்தே செல் உடையும், அதுவுமில்லாம தற்கொலை சிஸ்டம்னா எல்லா செல்லும் ஒரே நேரத்துல செத்தும் அந்த இடம் தெளியும். தனித்தனி பிளேக்கா எண்ண முடியற டைல்யூஷன்தான் கணக்கு. எண்ணிக்கை குறையாம பிளேக் சைஸ் மட்டும் சின்னதானாலும் அதையும் எழுதி வைங்க, அதுவும் பாதுகாப்புதான்.

ஃபேஜ் ஒட்டவே இல்லன்னா அதுவும் பார்க்க பாதுகாப்பு மாதிரியே இருக்கும். விஷ பிளாஸ்மிட்டோட போராடின செல்லுல ரிசெப்டர் போயிருக்கலாம், டி5-க்கு அதோட ரிசெப்டரான ஃபூஏ (FhuA) இல்லன்னா அது உள்ளயே வராது. ஃபேஜ் போட்டு 5, 10 நிமிஷம் கழிச்சு செல்லை சுழத்தி இறக்கிட்டு மேல தண்ணியில மிச்சம் இருக்கற ஃபேஜை எண்ணுங்க. கன்ட்ரோல் மாதிரியே ஒட்டியிருக்குன்னு தெரிஞ்சாதான் உள்ள போனதுக்கு அப்புறம் ஏதோ நடக்குதுன்னு சொல்லலாம். அரை நாள் வேலை, பல பேர் விட்டுடறாங்க, தயவுசெஞ்சு விடாதீங்க.

ரெண்டாவது கேள்விக்கு லிக்விட் கல்ச்சர் வேணும், இங்க எம்ஓஐதான் எல்லாமே, அதாவது ஒரு செல்லுக்கு சராசரியா எத்தனை ஃபேஜ் போடறோம்ங்கறது. எம்ஓஐ 0.02-ன்னா நூத்துக்கு ரெண்டு செல்தான் தொற்றும், எம்ஓஐ 2-ன்னாலும் நினைக்கற மாதிரி எல்லா செல்லும் தொற்றாது, பாய்சான் கணக்குப்படி சுமார் 13.5 சதவீதம் தப்பிச்சிருக்கும், 5 போட்டாதான் தப்பிக்கறது 1 சதவீதத்துக்கும் கீழ போகும். தற்கொலை மூலமா காப்பாத்தற சிஸ்டம்னா கம்மி எம்ஓஐல கல்ச்சர் ஜம்முனு வளரும், அதிக எம்ஓஐல சாயும், ஏன்னா காப்பாத்தப்பட வேண்டிய கூட்டமே மிச்சம் இல்ல. ரெண்டுலயும் வளர்ந்தா அது வேற வகை பாதுகாப்பு, செல் பொழைச்சு ஃபேஜ் மட்டும் போயிருக்கு, டிஎன்ஏவை வெட்டறதோ வேற ஏதோ.

சாயறது மட்டும் பத்தாது, எப்ப சாயுதுன்னு வேணும். 37 டிகிரியில டி7 சுமார் 20 நிமிஷத்துக்குள்ளயே செல்லை உடைச்சிடும், டி4-க்கு 25-லேர்ந்து 30 ஆகும். உங்க செல் அதுக்கு முன்னாடி சாகணும். இதை நேரடியா பார்க்க ஒரு வழி இருக்கு, எனக்கு இந்த முழு வேலையிலயும் ரொம்ப பிடிச்ச எக்ஸ்பெரிமென்ட் இதுதான்: அதிக எம்ஓஐல தொத்த வச்சு, ஒட்டாத ஃபேஜை கழுவிட்டு, சில நிமிஷத்துக்கு ஒரு தடவை சாம்பிள் எடுத்து குளோரோஃபார்ம் போட்டு செல்லை வலுக்கட்டாயமா உடைச்சு, உள்ள அந்த நேரத்துல தயாரா இருக்கற ஃபேஜை எண்ணணும், அதே சாம்பிளோட இன்னொரு பாதியை பிளேட்ல பரப்பி உயிரோட இருக்கற செல்லை எண்ணணும். ரெண்டு கோட்டையும் ஒரே கிராஃப்ல போட்டா யாரு முந்தினாங்கன்னு பளிச்சுனு தெரியும். கன்ட்ரோல்ல உள் ஃபேஜ் ஏறணும், உங்க சிஸ்டத்துல ஏறவே கூடாது இல்லன்னா ரொம்ப கம்மியா ஏறணும். குளோரோஃபார்ம் தாங்காத ஃபேஜும் உண்டு, அதை முன்னாடியே சோதிச்சுக்கோங்க.

ஃபேஜ் லேபோட ஒழுங்கும் இதுல அடக்கம். ஃபில்டர் டிப், தனி பைப்பெட், ஃபேஜ் இல்லாத வேலையை முதல்ல முடிச்சுட்டு ஃபேஜை கடைசியா தொடறது, மேஜையை பிளீச் போட்டு துடைக்கறது. கன்ட்ரோல் கல்ச்சர்ல ஒரு துளி ஃபேஜ் போனாலும் மொத்த வாரமும் போச்சு.

மூணாவது கேள்விதான் பெருசு, ஓட்டை. செல்லுக்குள்ள பார்க்க எல்லாரும் முதல்ல எடுக்கறது ப்ரோபிடியம் அயோடைடு, சுமார் 668 டால்டன் இருக்கற சிவப்பு டை, முழுசா இருக்கற சவ்வு வழியா போகாது, உடைஞ்சா உள்ள போய் டிஎன்ஏவுல ஒட்டி ஒளிரும். அகரோஸ் பேட்ல செல்லை வச்சு டைம் லாப்ஸ் எடுங்க. ஆனா இந்த டை சவ்வு கெட்டுப்போச்சுன்னு மட்டும்தான் சொல்லும், யார் கெடுத்தாங்கன்னு சொல்லாது. செல்லை உடைச்சு வெளிய வர ஃபேஜ் வச்சிருக்கற ஹோலின் புரோட்டீன் போட்ட துளையும், பாஸ்போலிப்பேஸ் சவ்வை கரைச்சதும், கேஸ்டெர்மின் துளையும் இதுக்கு ஒண்ணுதான். சிபாஸ் சிஸ்டத்துல பாஸ்போலிப்பேஸும் உண்டு, கேப்15 மாதிரி சவ்வை குலைக்கற புரோட்டீனும் உண்டு, லாம்டாவோட ரெக்ஸ்பி அயான் சேனல்னு சொல்லப்படுது, ஆக செத்த செல்லோட சவ்வு பழுதாகறதுக்கு ஏகப்பட்ட வழி இருக்கு. டி4, டி7 ரெண்டும் ஹோஸ்ட் டிஎன்ஏவையே சிதைக்கும், அதனால டையோட வெளிச்சம் எவ்வளவுங்கறதை மட்டும் வச்சு கூட்டல் கழித்தல் போடாதீங்க, எந்த நிமிஷத்துல ஏறுச்சுங்கறதை பாருங்க. ஃபேஜே இல்லாம வாலில்லா கேஸ்டெர்மினை அராபினோஸால ஆன் பண்ணி அதே டையை பார்க்கறதும் கூட வேணும், அப்பதான் ஹோலின் மேல பழி போட முடியாது. சவ்வு மின்னழுத்தம் காட்டற டிஸ்க்3-5, டிபாக்4-3 மாதிரி டையையும் சேர்த்துக்கோங்க, சின்ன அயான் சேனல்னா மின்னழுத்தம் மட்டும் விழும், ப்ரோபிடியம் உள்ள போகாது, பெரிய துளைன்னா ரெண்டும் நடக்கும்.

இன்னொரு விஷயம், ஓட்டை விழுந்ததும் கல்ச்சரோட OD (கலங்கல் அளவு) பட்டுனு விழணும்னு எதிர்பார்க்காதீங்க. ஈ.கோலைக்கு உள் சவ்வுக்கு வெளியில செல் சுவரும் வெளி சவ்வும் இருக்கு, உள்ள துளை விழுந்து செத்த செல்லும் குச்சி வடிவத்துலயே நிக்கலாம். OD இறங்கலைங்கறதால செல் சாகலன்னு முடிவு பண்ணிடுவீங்க, பிளேட்ல எண்ணினா உயிரே இருக்காது.

புரோட்டியேஸ் வெட்டறதை தனியா காட்டணும். ரெண்டு புரோட்டீனையும் சுத்தம் பண்ணி டியூப்ல சேர்த்து ஜெல்ல ஓட்டினா லேசா ஒரு இறக்கம் தெரியும், 20 அமினோ அமிலம்தான் போகுது, அதனால சாதாரண ஜெல்ல ரெண்டு பேண்டும் ஒட்டிக்கிட்டு தெரியும், சதவீதம் அதிகமான ஜெல் போடுங்க, சரியா எந்த அமினோ அமிலத்துக்கு பின்னாடி வெட்டுச்சுன்னு மாஸ் ஸ்பெக்ல உறுதி பண்ணுங்க. அந்த இடத்தை மாத்தின மியூட்டன்ட் டியூப்லயும் வெட்டுப்படக்கூடாது, ஃபேஜ் சோதனையிலயும் பாதுகாப்பு போகணும். இந்த ரெண்டும் ஒத்துப்போறதுதான் டியூபையும் செல்லையும் இணைக்கற ஒரே கயிறு.

லைப்போசோம் சோதனை. கொழுப்பு பந்துகளுக்குள்ள டெர்பியம் அயானை சிட்ரேட்டோட அடைச்சு, வெளியில டைபிகோலினிக் அமிலம் வைங்க. துளை விழுந்தா ரெண்டும் சேர்ந்து, 276 நானோமீட்டர்ல ஒளி குடுத்தா 545-ல பளீர்னு மின்னும். கொழுப்புக்கு ஈ.கோலை சாறு எடுத்துக்கலாம், அதுல சுமார் முக்கால் பங்கு பாஸ்பாடிடைல் எத்தனாலமின், மிச்சம் பாஸ்பாடிடைல் கிளிசரால், கொஞ்சம் கார்டியோலிப்பின். பஃபர்ல பாஸ்பேட்டும் இடிடிஏவும் இருக்கவே கூடாது, பாஸ்பேட் டெர்பியத்தை படிய வச்சிடும், இடிடிஏ பிடிச்சு வச்சுக்கும், ஹெப்பீஸும் உப்பும் போதும். அடைபடாத டெர்பியத்தை காலம்ல ஓட்டி எடுத்துடுங்க. கடைசியில டிரைட்டான் போட்டு எல்லாத்தையும் உடைச்சு அதை 100-ன்னு வச்சுக்கோங்க. கேஸ்டெர்மின் மட்டும், புரோட்டியேஸ் மட்டும், செத்த (வெட்டற சிஸ்டீனை மாத்தி முடக்கின) புரோட்டியேஸோட கேஸ்டெர்மின், இந்த மூணும் தட்டையா இருக்கணும், ரெண்டும் சேர்ந்தப்ப மட்டும் ஏறணும். சுத்தம் பண்ணும்போது ஒட்டின டிடர்ஜென்ட் மிச்சம் இருந்தாலே லைப்போசோம் ஒழுகும், அதனால வெறும் பஃபரையும் ஒரு கன்ட்ரோலா ஓட்டுங்க. சொந்த புரோட்டியேஸ் சுத்தமா வரலன்னா, வெட்டற இடத்துல திராம்பின், டிஇவி மாதிரி தெரிஞ்ச புரோட்டியேஸோட இடத்தை வச்சு எழுதி, உங்க கையால பூட்டை திறக்கலாம். துளை எவ்வளவு பெருசுன்னு தெரிய பல சைஸ் டெக்ஸ்ட்ரானை அடைச்சு எது வெளிய வருதுன்னு பாருங்க.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் கிடைச்சா அதே லைப்போசோமை நெகட்டிவ் ஸ்டெயின்ல போடுங்க, வளையம் வளையமா தெரியும். மனுஷ கேஸ்டெர்மின் டி துளையில 33 துண்டு, எலியோட ஏ3-ல 27 துண்டு, உள் விட்டம் 20 நானோமீட்டர் சுத்துல வரும். விட்டியோசாஞ்சியத்தோட துளை 52 துண்டு சேர்ந்ததுன்னு 2024-ல கிரையோ-ஈஎம் படம் வந்துச்சு. பாக்டீரியாவுது சைஸ் ஒண்ணுபோல இருக்காது, ஒரே கிரிட்ல சின்னது பெருசு, வளைஞ்சு முழுசா மூடாததுன்னு கலந்து வரும். அதை பார்த்து சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப்போட்டுடாதீங்க, சாவுக்கு அந்த வேறுபாடு தடையா இருக்காது.

ஃபேஜ்ல எது இந்த பூட்டை திறக்க வைக்குதுங்கறதுதான் மிச்சம், இதுக்கு தப்பிச்ச ஃபேஜ்தான் சாட்சி. உங்க லான்லயும் அபூர்வமா வளர்ற பிளேக்கை எடுத்து, மறுபடி மறுபடி ஒத்தையா சுத்தம் பண்ணி ஜீனோம் படிங்க, தனித்தனியா வந்த பல தப்பிச்சவங்ககிட்ட ஒரே ஜீன் கெட்டிருந்தா அங்கதான் தூண்டல் இருக்க வாய்ப்பு. சமீபத்துல கார்டு (CARD) டொமெய்ன் இருக்கற கேஸ்டெர்மின் சிஸ்டத்துல, ரெக்ஸ்ஏபிங்கற இன்னொரு பாதுகாப்பு சிஸ்டத்தை ஏமாத்த ஃபேஜ் வச்சிருக்கற புரோட்டீனே இந்த சிஸ்டத்தை எழுப்பிவிடுதுன்னு காட்டியிருக்காங்க, ஒரு பாதுகாப்புலேர்ந்து தப்பிக்க வச்ச ஆயுதம் இன்னொண்ணுகிட்ட மாட்டிவிடுது. நீங்க கண்டுபிடிச்ச ஃபேஜ் ஜீனை தனியா குளோன் பண்ணி, ஃபேஜே இல்லாம உங்க ஆப்பரானோட ஒரே செல்லுல ஆன் பண்ணுங்க, ரெண்டும் சேர்ந்தா மட்டும் செல் சாகணும். செத்த புரோட்டியேஸ் இருக்கற ஆப்பரானோட சேர்த்தா சாகக்கூடாது. அந்த பிளேட்லேர்ந்தே செல் எடுத்து டை போட்டு, வெஸ்டர்ன்ல வெட்டுப்பட்ட துண்டும் வருதான்னு பார்த்துடுங்க.